கைப்பிள்ளையோடு கப்பலா? எந்தக் கெபின் என்று தெரியுமா?

ஒரு சொகுசுக் கப்பலின் கெபினில் நாலு பேர் படுக்கக் கட்டில் இருக்கிறது. நீங்கள் கேட்பது மூன்று பேருக்கு: நீங்கள், மனைவி, இரண்டு வயது மகள். கெபின் காலியாகவும் இருக்கிறது. ஆனாலும் சிலவேளை “இரண்டு பேருக்குத்தான் தர முடியும்” என்று கையை விரித்துவிடுவார்கள். ஏன் தெரியுமா? அவர்கள் கட்டிலை எண்ணுவதில்லை, உயிர்காப்புப் படகை எண்ணுகிறார்கள்! ஆபத்து நேரத்தில் எந்தக் கெபின்காரர் எங்கே கூடவேண்டும், எந்தப் படகில் ஏறவேண்டும் என்று முதலிலேயே குறித்திருக்கும். அந்தப் படகின் கணக்கு நிரம்பிவிட்டால் அந்தப் பகுதிக் கெபின்களில் மேலதிகமாக ஒரு ஆளையும் ஏற்ற முடியாது. “மடியில் வைத்துக்கொள்கிறோம்” என்ற பேச்சு அங்கே எடுபடாது. கல்முனை பஸ்ஸில் மடியில் இருக்கிற பிள்ளைக்கு டிக்கட் இல்லை. கப்பலில் ஆறு மாதக் குழந்தையும் முழு ஆள்!

நாவிதன்வெளியில் இருந்துகொண்டு கப்பல் கெபின் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நமக்குக் கடலே இல்லைதான். வயலும் வாய்க்காலுமான ஊர். கடல் பார்க்க வேண்டுமென்றால் கிட்டங்கித் தாம்போதி தாண்டிக் கல்முனைக்குப் போகவேண்டும். மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உழவு மெசினில் அக்கரை சேரவேண்டும். ஆனால் இது தெரியுமா? சிங்கப்பூரில் இருந்து புறப்படும் ‘கென்டிங் ட்ரீம்’, 335 மீட்டர் நீளமான அந்த மாபெரும் கப்பல், பிறந்ததும் கடல் இல்லாத ஓர் ஊரில்தான்! ஜேர்மனியில் பாப்பன்பூர்க் என்ற ஊர். கடலில் இருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, எம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. மாயர் என்ற குடும்பம் தொடங்கிய கட்டுதளம் 1795 முதல் அங்கே கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டி முடித்த கப்பலை அந்த ஒடுங்கிய ஆற்றில் இழுவைப் படகுகள் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் முன்னால் போகும்படி, மெதுமெதுவாகக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். ஆற்றில் தண்ணீர் போதாவிட்டால் அணைக்கதவை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவார்கள். வாய்க்கால் கதவு திறந்து மூடத் தெரிந்த நம்ம ஊர்க்காரருக்கு இது விளங்கும்.

சரி, கப்பல் நம்ம கரைக்கு வருமா? ஒலுவிலில் ஒரு துறைமுகம் இருக்கத்தான் செய்கிறது. மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு அது. டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். வாயில் மணல் அடைத்து மீன்பிடிப் படகுகளே திண்டாடிய இடத்தில் சொகுசுக் கப்பலை எதிர்பார்ப்பது வீண். ஆனால் திருகோணமலைக்கு வந்தது! 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையில் தொடங்கிய ‘எம்பிரஸ்’ கப்பலின் சேவை அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் இலங்கையின் மூன்று துறைமுகங்களைத் தொட்டது. சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குகிற சுற்றுப்பயணம் அது.

அந்த ‘எம்பிரஸ்’ யார் தெரியுமா? பிரான்சின் சென் நசேர் கட்டுதளத்தில் உருவாகி 1990இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கரிபியன் கடலில் ஓடிய அதே கப்பல்! 211 மீட்டர் நீளம். பிறகு ‘எம்பிரஸ் ஒஃப் த சீஸ்’ ஆனது. கடைசியில் கோர்டீலியா கம்பனியின் கைக்கு வந்து வங்காள விரிகுடாவிலும் ஓடியது. 1990 என்ற வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பல்கனி வைத்த கெபின் என்பது பணக்காரர் சங்கதி. 1984இல் சவுத்ஹம்டனில் இளவரசி டயானா பெயர் சூட்டிய ‘றோயல் பிரின்சஸ்’ கப்பலில், பயணிகளின் எல்லாக் கெபினும் வெளிப்பக்கம் பார்த்திருந்ததே உலகச் செய்தி! ஆகவே கட்டிய வருடம் தெரிந்தால் கெபின் எப்படி இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். பழைய கப்பலில் கெபின் சிறிது, பல்கனி அரிது. ‘கென்டிங் ட்ரீம்’ 2016இல் வந்தது, அதில் பெரும்பாலான கெபின்களுக்குப் பல்கனி உண்டு.

நம் முன்னோருக்கோ எந்தக் கெபின் என்ற கேள்வியே இருக்கவில்லை. ‘ரஜூலா’ என்று ஒரு கப்பல். 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய அந்தக் கப்பலில் எத்தனை தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது தெரியுமா? கட்டிய காலத்தில் 5,000க்கும் மேல்! கெபின் இல்லை, கட்டில் இல்லை. விரித்த பாயும் தலைக்கு வைத்த துணி மூட்டையும்தான். கைப்பிள்ளைகள் அந்தப் பாயில்தான் தவழ்ந்தன, அங்கேயே தூங்கின. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 8,500 தொன். இன்றைக்கு 2024இல் வந்த ‘ஐக்கன் ஒஃப் த சீஸ்’ 2,48,663 தொன், கிட்டத்தட்ட முப்பது மடங்கு பெரிது! அதிலே நெருக்கி ஏற்றினாலும் 7,600 பயணிகள்தான். சொகுசு என்பதன் அர்த்தம் இந்த இரண்டு எண்களுக்குள்ளே இருக்கிறது.

இனிக் கெபினுக்குள் போவோம். முதல் ஆச்சரியம்: பல கப்பல்களில் கெபினைக் கப்பலுக்குள் வைத்துக் கட்டுவதே இல்லை! கட்டில், அலுமாரி, குளியலறை, குழாய், லயிட் எல்லாம் பொருத்தி, ஒரு முழுப் பெட்டியாக வேறோர் தொழிற்சாலையில் செய்து, லொறியில் கொண்டுவந்து, கப்பலின் பக்கவாட்டுத் திறப்பால் உள்ளே தள்ளிவிடுவார்கள். பின்லாந்தில் பீக்கியோ என்ற இடத்தில் இதற்கென்றே தொழிற்சாலை இருக்கிறது. இதனால் பயணிக்கு என்ன? நிறைய! ஒரே வகைக் கெபின்கள் அநேகமாக ஒரே அச்சு. உள்ளே இருக்கிற சாமான் மாறாது. மாறுவது அந்தப் பெட்டியை எங்கே தள்ளினார்கள் என்பதுதான். பிள்ளையோடு போகிறவர் காசைப் போடவேண்டிய இடமும் அதுதான். வகைக்காக அல்ல, இடத்துக்காக.

எந்த இடம்? கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது அசைவு குறைந்த பகுதி நடுவயிறு. பக்கவாட்டில் உருளும்போது அசைவு குறைந்தது கீழ்த்தளங்கள். மேலே போகப் போக ஆட்டம் கூடும். முன்முனையில் படுத்தால் கடலில் எழுகிற ஒவ்வொரு அலையும் தெரியும். தண்ணீருக்கடியில் பக்கத்துக்கொன்றாக நீளும் மீன் செட்டை மாதிரியான தகடுகள் உருளலைப் பெரிதும் அடக்கும், ஆனால் முன்பின் ஏற்ற இறக்கத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நடு, கீழ். கீழ்த்தளங்களில் விலையும் பெரும்பாலும் குறைவு! உச்சித் தளத்துக்கு ஏன் கூடக் காசு கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்னொன்று தெரியுமா? இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடல் மயக்கம் வருவது மிகவும் அபூர்வம்! அதற்கு மேல் பன்னிரண்டு வயதுவரைதான் அது அதிகம் படுத்தும். அப்படியானால் ஒன்றரை வயது மகன் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பான், அவனைப் பிடிக்கவேண்டிய உம்மா வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பார். அசையாத கெபின் பிள்ளைக்காக அல்ல, பிள்ளையைப் பார்க்கிறவருக்காக. அதோடு பருவமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடல் வாடைக்காற்றில், நவம்பரில் இருந்து ஜனவரி வரை, எப்படிக் கொந்தளிக்கும் என்று மருதமுனை, பாண்டிருப்பு மீனவரிடம் கேட்டால் சொல்வார்கள்.

சத்தம்! இதைப் பற்றித் துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரி இருக்காது. நீச்சல் தடாகத் தளத்துக்கு நேர் கீழே கெபின் என்றால், விடியுமுன்னே கதிரைகளை இழுத்து அடுக்குகிற சத்தம் தலைக்கு மேல். முன்முனையில் என்றால், துறைமுகத்தை நெருங்கும் காலையில் நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்கும். துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்துகிற உந்திகளும் முன்பக்க அடிவயிற்றில்தான் உறுமும். நாடக அரங்குக்கு மேலே என்றால் நடுச்சாமம் வரைக்கும் தவில் இல்லாத திருவிழா. லிப்ட் பக்கத்தில் என்றால் போகிற வருகிற கூட்டம். எது நல்லது? மேலேயும் கெபின் தளம், கீழேயும் கெபின் தளம், நடுவிலே நீங்கள். எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் கம்பனிகள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெளியிடுகின்றன. அதை வாங்கி, உங்கள் கெபினுக்கு மேலே விரலை வைத்து ஒரு தளம் ஏறுங்கள், பிறகு ஒரு தளம் இறங்குங்கள். ஐந்து நிமிட வேலை, ஐந்து இரவுத் தூக்கம்.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம்: உள்கெபினா, யன்னல் கெபினா, பல்கனி கெபினா?

உள்கெபினில் யன்னல் இல்லை. லயிட்டை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. இது குறை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பகலில் தூங்குகிற பிள்ளைக்கு இது வரம்! ஆனால் பிள்ளை இரவு எட்டு மணிக்குத் தூங்கினால் வாப்பாவும் உம்மாவும் எட்டு மணிக்கே இருட்டில் படுக்கவேண்டும், இல்லையென்றால் குளியலறைக்குள் இருந்து கைபேசி பார்க்கவேண்டும். இது பகிடி இல்லை, பிள்ளையோடு உள்கெபினில் போனவர்கள் எல்லோரும் சொல்கிற கதை. பல்கனி இருந்தால் பிள்ளை உள்ளே தூங்க, பெரியவர்கள் வெளியே கடலைப் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கலாம். பல்கனிக்குக் கொடுக்கிற மேலதிகக் காசு கடற்காட்சிக்காக அல்ல, இந்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்காக.

ஆனால் பல்கனிக்கு ஒரு பயம் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் பெரிய பயணிகள் கப்பல்களுக்கு 2010இல் வந்த சட்டம், கைப்பிடிச் சுவர் 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் 34 அங்குலம் அளவில் இருக்கும். அப்படியென்றால் பயமில்லைதானே? சுவரை மட்டும் பார்த்தால் பயமில்லை. பல்கனியில் கதிரை கிடக்கிறதே! நம்ம வீட்டுப் பிள்ளைகள் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி அலுமாரிக்கு மேலிருக்கிற சீனிப் போத்தலை எடுப்பதை யார் பார்க்கவில்லை? ஏறின உடனே கெபின் பணியாளரிடம் சொல்லிக் கதிரை, மேசையை எடுப்பித்துவிடுங்கள். கதவின் தாழ் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடித்திரிகிற, ஏறப் பழகிய பிள்ளை என்றால் பல்கனியை மறந்துவிட்டுத் திறக்க முடியாத கண்ணாடி யன்னல் கெபினை எடுங்கள். பகல் வெளிச்சமும் உண்டு, பயமும் இல்லை. இதுதான் என் தீர்ப்பு. தவழ்கிற வயதுக்குப் பல்கனி, ஏறுகிற வயதுக்கு யன்னல்!

யன்னலே இல்லாத கெபினுக்கு யன்னல் வைத்த கதை தெரியுமா? 2011இல் வந்த ‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலில் உள்கெபின் சுவரில் வட்டமான திரை ஒன்று பொருத்தினார்கள். கப்பலுக்கு வெளியே உள்ள கமெரா காட்டும் கடலை அந்த நேரத்திலேயே அது காட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார்ட்டூன் பாத்திரங்கள் நீந்தி வரும்! யன்னல் கெபின் எடுத்த பிள்ளைகள் உள்கெபின் பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்களாம். இன்னும் வேடிக்கை வேண்டுமா? ‘ஃப்ரீடம் ஒஃப் த சீஸ்’ வகைக் கப்பல்களில் கப்பலுக்குள்ளே இருக்கிற கடைத்தெருவைப் பார்த்தபடி சில கெபின்கள். அதில் ஒன்றின் யன்னலை, கீழே இருந்த ஐஸ்கிரீம் கடையின் கூரைப் பசுமாட்டுப் பொம்மையின் பின்பக்கம் மறைத்துக்கொண்டு நின்றது! கம்பனி என்ன செய்தது? அந்தக் கெபின்காரருக்கு இலவச ஐஸ்கிரீம்! நம்ம ஊரில் என்றால் மாட்டுக்காரனோடு வழக்குத்தான்.

தொட்டில் கேட்டால் தருவார்களா? தருவார்கள், அநேகமாக இலவசமாக, ஆனால் பதியும்போதே கேட்கவேண்டும். எண்ணிக்கை மட்டுமட்டு. அது நம்ம ஏணை இல்லை, வலைச்சுவர் வைத்த மடிக்கிற தொட்டில். ஏணை கட்டலாமா என்று ஒரு மூத்தம்மா கேட்டால் சிரிக்காதீர்கள், நியாயமான கேள்வி. கெபின் கூரை மெல்லிய தகடு, பாரம் தாங்காது, வளையமும் இல்லை. ஆனால் சுவர் பெரும்பாலும் இரும்பு, தெரியுமா? காந்தக் கொக்கி ஒட்டும்! நாலு காந்தக் கொக்கியும் ஒரு சேலையும் இருந்தால் தொட்டிலைச் சுற்றி மறைப்புக் கட்டி, பிள்ளைக்கு இருட்டும் உங்களுக்கு வெளிச்சமும் உண்டாக்கலாம்.

இடம்தான் இடைஞ்சல். சாதாரணக் கெபின் 14 முதல் 17 சதுர மீட்டர், அதற்குள் குளியலறையும் அடக்கம். ஒரு மீட்டர் நீளத் தொட்டிலை விரித்தால் நடக்க வழியில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனைக் குடும்பங்கள் இன்னொன்றையும் அளக்கவேண்டும்: தொட்டிலை விரித்த பிறகு தொழுகைக்கு முசல்லா விரிக்க இடம் மிஞ்சுமா? இரட்டைக் கட்டிலைச் சுவரோடு தள்ளச் சொல்லலாம். பல கப்பல்களில் அது இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்ததுதான், கேட்டால் பிரித்து ஒரு பக்கம் ஒதுக்கித் தருவார்கள். சுவரோரம் ஆனால் பிள்ளை விழவும் மாட்டாது. பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுங்கள், அந்த இடம் அதற்கென்றே விட்டது. சுவரில் இருந்து மடிந்து இறங்குகிற மேல்கட்டில் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. தாத்தாவுக்கும் ஆகாது!

குளியலறை? அநேகக் கெபின்களில் ஷவர் மட்டும். குளியல் தொட்டி வேண்டுமென்றால் விலை கூடிய அறைகளுக்குப் போகவேண்டும். டிஸ்னி கப்பல்களில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள்: பல கெபின்களில் கழிப்பறை ஒரு கதவுக்குள், குளிக்கும் தொட்டி இன்னொரு கதவுக்குள். ஒருவர் பிள்ளையைக் குளிப்பாட்ட மற்றவர் முகம் கழுவலாம். மற்றக் கப்பல்களுக்குப் போகிறவர் காற்றூதுகிற சின்ன பேசன் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்வது புத்தி. மேற்கத்தேயக் கப்பல் கழிப்பறையில் கைக்குழாய் இருக்காது. கழற்றிப் பிடிக்கிற ஷவர் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள், பிள்ளையைக் கழுவ அதுதான் கைகொடுக்கும். இன்னொரு எச்சரிக்கை: அங்கே மலம் நீரால் அல்ல, காற்றுறிஞ்சலால் போகும். பட்டனை அமுக்கினால் “ஷ்ஷ்ராக்” என்று ஒரு சத்தம். தூங்குகிற பிள்ளை எழும்பிவிடும், எழும்பி இருக்கிற பிள்ளை பயந்துவிடும்!

பால்மா கரைக்கச் சுடுதண்ணி? கேத்தல் கொண்டுபோனால் ஏறும்போதே பறித்து வைத்துவிடுவார்கள். தீப்பயம். அயன்பெட்டிக்கும் அதே கதி. நல்ல பிளாஸ்க் ஒன்று எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மண்டபத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு பதினான்கு தளம் ஏறி இறங்கும் கஷ்டம் வேண்டாம். பெம்பர்ஸ் கப்பல் கடையில் கிடைத்தாலும் விலை தலைசுற்றும், சிலவேளை அளவே இராது.

இனி நான் மிகவும் விரும்புகிற ஏற்பாடு. இணைக்கதவுக் கெபின்! பக்கத்துப் பக்கத்து இரண்டு கெபின், நடுவிலே ஒரு கதவு, இரண்டு பக்கமும் திறந்தால் ஒரே வீடு. தள வரைபடத்தில் இரண்டு கெபினுக்கு நடுவில் சின்ன அம்பு போட்டுக் காட்டியிருப்பார்கள். நம்ம பகுதி வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, பக்கத்து வளவிலேயே தாயும் இருப்பது அம்பாறைக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான முறை. பிள்ளை உம்மம்மா வீட்டில் பாதி, தன் வீட்டில் பாதி வளரும். இரண்டு வளவுக்கும் நடுவே போய்வர விடுகிற வேலிப் பொட்டுத்தான் இந்த இணைக்கதவு. அம்மம்மாவோ உம்மம்மாவோ பக்கத்துக் கெபினில் இருந்தால் இளம் பெற்றோர் இரவுச் சாப்பாட்டை ஆறுதலாகச் சாப்பிடலாம். உம்மம்மாவுக்கும் தனிக் கட்டில், தனிக் குளியலறை. ஒரு பெரிய சூட் அறைக்குக் கொடுக்கிற காசில் இரண்டு சாதாரண இணைக்கெபின் எடுக்க முடிவது அடிக்கடி நடக்கிறது. ஒரே குறை, அந்தக் கதவால் சத்தம் கசியும். தெரியாத ஆட்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களின் குறட்டை உங்களுக்கு, உங்கள் பிள்ளையின் அழுகை அவர்களுக்கு. சொந்தக்காரரோடு போகாவிட்டால் இணைக்கதவு இல்லாத கெபினைக் கேட்டு வாங்குங்கள். இணைக்கதவுக் கெபின்கள் எண்ணிக்கையில் குறைவு, முதலில் விற்றுத்தீர்வதும் அவைதான்.

காசு கொட்டிக் கிடக்கிறவர்களுக்கு என்ன செய்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘ஐக்கன் ஒஃப் த சீஸ்’ கப்பலில் மூன்று மாடிக் குடும்ப வீடு! உள்ளே மாடிப்படிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வழுக்கி இறங்க ஒரு சறுக்கு, வாசலில் வெள்ளை வேலி, படலை. எட்டுப் பேர் படுக்கலாம். பார்த்து ரசிப்போம், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி இருக்குமா என்ற கவலைக்கு நல்ல பதில் இருக்கிறது. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் பிறந்தது சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை. இன்றைய விதிப்படி 24 மணித்தியாலமோ அதற்கு மேலோ ஓடும் பயணிகள் கப்பலில், ஏறியிருக்கிற ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஓர் அங்கி இருந்தே ஆகவேண்டும்! 15 கிலோவுக்குக் குறைந்த உடம்புக்கு ஓர் அளவு, 15 முதல் 43 கிலோவுக்கு இன்னோர் அளவு. எனவே ஏறின உடனே செய்யவேண்டிய முதல் வேலை, பிள்ளையின் எடையைச் சொல்லிச் சரியான அங்கி கேட்பது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அது ஆபத்து அறிவிப்பு. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, 2015 முதல், கப்பல் புறப்படும்போதே பயிற்சி கட்டாயம். பிள்ளை தூங்குகிறது என்று அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

பிள்ளைகள் கழகம் இருக்கிறதே, அங்கே விட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறீர்களா? பெரும்பாலும் மூன்று வயது முடிந்து, கழிப்பறைப் பழக்கமும் வந்தால்தான் சேர்ப்பார்கள். அதற்குக் குறைந்தவர்களுக்குச் சில கம்பனிகளே காப்பகம் வைத்திருக்கின்றன, அதற்கும் மணித்தியாலக் கணக்கில் காசு. நீச்சல் தடாகமும் அப்படித்தான்! அமெரிக்கத் துறைமுகம் போகும் கப்பல்களில் பெம்பர்ஸ் கட்டிய பிள்ளை, அது நீச்சல் பெம்பர்ஸ் ஆனாலும், தடாகத்தில் இறங்க முடியாது. அங்கத்தைய சுகாதார விதி அது. ஆகவே மூன்று வயதுக்குக் கீழே என்றால் பகலிலும் பாதி நேரம் கெபினில்தான். சின்னக் கெபினை எடுத்துவிட்டு “நாள் முழுக்க வெளியேதானே இருக்கப் போகிறோம்” என்று சமாதானம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

ஹலால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் நம்ம ஆட்கள் எந்தப் பயணமும் பதியமாட்டார்கள். ‘கென்டிங் ட்ரீம்’ கப்பலில் ஹலால் சான்று பெற்ற சமையல் உண்டு. அதைவிடப் பெரிய செய்தி, அதன் தங்கைக் கப்பல்! 2017இல் ‘வேர்ல்ட் ட்ரீம்’ என்று அதே பாப்பன்பூர்க் ஆற்றங்கரையில் கட்டியதைச் சவூதி அரேபியா வாங்கி, ‘அரோயா’ என்று பெயர் மாற்றி, 2024 டிசம்பரில் ஜித்தாவில் இருந்து ஓடவிட்டது. மதுபானமே இல்லாத சொகுசுக் கப்பல்! ஹஜ்ஜுக்குப் பம்பாயில் இருந்து கப்பலில் போன காலம் 1995இல் முடிந்தது. ஜித்தாவில் கப்பலேறுகிற காலம் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. வளைகுடாவில் வேலை செய்கிற மகனோ மருமகனோ குடும்பத்தை அழைத்துப் போகிறேன் என்றால், பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார்.

பதிகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “எது மலிவு?” என்று முகவரிடம் முதலில் கேட்காதீர்கள். நடுப்பகுதியில், மேலும் கீழும் கெபின் தளம் உள்ள இடத்தில், மூன்றாவது ஆளுக்கும் படகுக் கணக்கு இருக்கிற கெபின் எது என்று கேளுங்கள். தொட்டில் விரித்தால் மிஞ்சுகிற இடம் எவ்வளவு என்று கேளுங்கள். கெபின் இலக்கத்தைக் கையில் வாங்காமல் காசைக் கட்டாதீர்கள். “ஏதோ ஒரு கெபின், பிறகு ஒதுக்குவோம்” என்ற மலிவு டிக்கட் தனி ஆளுக்குச் சரி, பிள்ளைக்காரருக்குச் சரிவராது. குழந்தைக்கும் தனிப் பாஸ்போட் வேண்டும். பெரும்பாலான கம்பனிகள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை, சமுத்திரம் தாண்டுகிற நீண்ட பயணமென்றால் பன்னிரண்டு மாதம். வயதைக் கணக்கெடுப்பது நீங்கள் பதிகிற நாளில் அல்ல, கப்பல் புறப்படுகிற நாளில். ஒரு நாள் குறைந்தாலும் துறைமுக வாசலில் இருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.